பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

ஜீவானந்தம் விழுந்த கூரையின் கண்ணாடியை மூன்று சாக்குகளில் கட்டி எங்கள் செக்‌ஷனுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வியாழக்கிழமை, காலை ஷிஃப்ட் தொடங்கி அரை மணி நேரம்கூட இருக்காது. சூப்பர்வைசர் ஹேமந்த் என்னையும் முத்துச்செல்வியையும் லைனிலிருந்து எழுப்பி, ஒரு நீள மேசையில் கறுப்புத் துணி விரித்துச் சாக்கைக் கொட்டச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டு கிளறி, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற துண்டுகளை மட்டும் தனியே எடுத்து வைக்க வேண்டும். நான் செக்கிங்கில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், நல்ல கண் என்று பெயர். முத்துச்செல்வி என் பக்கத்து மேசை.

எங்கள் கம்பெனி கூரைக்குக் கண்ணாடி ஓடு செய்கிறது. ஆபீஸில் ஷிங்கிள் என்பார்கள், எங்களுக்கு அது ஓடுதான். உருகிய கண்ணாடியை அச்சில் விட்டு அழுத்தி எடுத்தால் மேல் விளிம்பில் கொக்கியும் கீழ் விளிம்பில் உதடும் இரண்டு பக்கமும் பள்ளமுமாக வரும். ஒன்றின் உதடு அடுத்ததன் கொக்கியில் போய் உட்காரும். ஆணியோ சிமெண்டோ வேண்டாம், மழைநீர் ஒரு சொட்டு இறங்காது. அச்சிலிருந்து எடுத்ததை மறுபடி சூடேற்றி, சட்டென்று காற்றடித்து இறுக்குவார்கள். இறுகிய ஓட்டின் மேல் ஆள் ஏறி நிற்கலாம். ஆனால் உடைந்தால் ஓரத்தில் விரிசல் விட்டு நிற்காது, முழு ஓடும் ஒரே நொடியில் கல்லுப்பு அளவுத் துகளாகக் கொட்டிவிடும். ஒன்று கொட்டினால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த மேல்வரிசையும் பிடி விட்டுச் சரியும். அதனால்தான் மூன்று சாக்கு.

பார்த்து முடித்த ஒவ்வொரு ஓட்டின் அடிப்புறத்திலும், பார்த்தவளின் நம்பரும் தேதியும் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டுவோம். என் நம்பர் பதினான்கு. முத்துச்செல்வியுடையது பதினேழு. ஓடு நொறுங்கினாலும் ஸ்டிக்கர் கிழிவதில்லை. தன் மேல் இருந்த துகள்களை அப்படியே கவ்விக்கொண்டு, பெரிய பொத்தான் போலக் கிடக்கும்.

ஜீவானந்தம் எங்கள் ஆள்தான். கூரை மாட்டும் டீமில் ஃபிட்டர், ஊர் பிள்ளைப்பாக்கம். சரக்கு ஏற்ற வரும்போதெல்லாம் எங்கள் மேசைகளுக்கு நடுவே வந்து நிற்பார். "எம்மா, நல்லா பாத்து வுடுங்க. அது மேல ஏறி நிக்கப்போறது நான். எண்பத்திரண்டு கிலோ கீறேன்" என்று தொப்பையைத் தட்டிக் காட்டுவார். அப்படியென்றால் நீ இளைத்துக்கொண்டு வா, ஓடு எதற்குக் கெட்டியாக வேண்டும் என்று யாராவது சொல்வோம். வல்லக்கோட்டை சாலையில் புதிதாகக் கட்டும் கல்யாண மண்டபத்தில், முப்பதடி உயரத்திலிருந்து விழுந்தார். கீழே வலை கட்டவில்லை என்றும் இடுப்பு பெல்ட் வேனிலேயே கிடந்தது என்றும் கூடப் போனவர்கள் சொன்னார்கள். ஹேமந்த் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு வேண்டியது ஸ்டிக்கர்.

நாங்கள் கிளறினோம். சில துகள்களில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. முத்துச்செல்வி அதைத் தொடாமல் கையைச் சுற்றிக் கொண்டுபோனாள். ஒன்பதாம் நம்பர் கிடைத்தது, இருபத்தொன்று கிடைத்தது. என் பதினான்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் என் கை அந்தரத்தில் நின்றது. திருப்பிப் பார்த்தேன். துகள் சுத்தமாக இருந்தது. எதிரில் நின்றிருந்த முத்துச்செல்வி அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் அவள் நம்பரைப் பற்றிய பயம் இருந்திருக்கும்.

பதினோரு மணி சுமாருக்கு அது கிடைத்தது, என் கையில். ஸ்டிக்கர் கவ்வியிருந்த துகள்களுக்கு நடுவில் கடுகில் பாதி அளவு வெள்ளையாக ஒன்று. உலைச் சுவரின் துணுக்கோ உருகாமல் தப்பிய மணலோ கண்ணாடிக்குள் அகப்பட்டுக்கொள்வதைக் கல் என்போம். காற்றுக்குமிழி சிறியதாக இருந்தால் விடலாம். கல் எவ்வளவு சிறியதானாலும் விடக் கூடாது. பயிற்சியின் முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். கல்லின் இரு பக்கமும் இரண்டு துண்டுகள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, சிறகு விரித்த பூச்சியைப் போல ஒட்டிக்கொண்டிருந்தன. உடைப்பு தொடங்கிய இடம் எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஸ்டிக்கர் கல்லை மூடி ஒட்டப்பட்டிருந்தது.

நம்பரைப் பார்த்தேன். பதினேழு.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. எதிரில் நிற்கிற பெண்ணின் நம்பர் அது என்று தெரியும். அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. இருந்தும் காலையிலிருந்து நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது அவிழ்ந்தது. அந்த நிம்மதியோடுதான் ஹேமந்தைக் கூப்பிட்டு அதை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"ஜூன் பத்து. பதினேழு." லென்ஸைக் கீழே வைத்தார். "முத்துச்செல்வி, இது தெரியாம மிஸ் ஆவுற கல் இல்ல. கரெக்டா அது மேலயே ஒட்டி மறைச்சிருக்க."

ஜூன் பத்து என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கு அறுபது ஓடு பார்க்க வேண்டும். அறுபதுக்குக் குறைந்தால் போர்டில் அந்த நம்பர் சிவப்பு மையில் ஏறும். பாத்ரூம் போய்வர என்று தனி நேரம் கிடையாது. அதனால் போகிறவள் தன் ஸ்டிக்கர் ரோலைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போவாள். பக்கத்தில் இருப்பவள் அவள் ஓடுகளையும் சேர்த்துப் பார்த்து அவள் நம்பரை ஒட்டுவாள். இதை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது, நான் சேரும்போதே இருந்தது. மாதத்தில் மூன்று நாட்கள், கர்ப்பமாக இருந்த மாதங்கள், வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்று போன் வந்த நேரங்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் தாங்கிக் கடந்தோம். ரோலைக் கொடுத்துவிட்டு எழுந்து போகும்போது என்னை ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்று தோன்றும். அந்த எண்ணம் அந்தக் கட்டடத்தில் வேறு எங்கும் கிடைக்காது.

ஜூன் பத்து வைகாசி விசாகத்துக்கு மறுநாள். முந்தின நாள் வல்லக்கோட்டையில் பால்குடம் எடுத்துவிட்டு வந்த அசதியில் உள்ளூர்ப் பெண்கள் ஐந்து பேர் வரவில்லை. நானும் பால்குடம் எடுத்தவள்தான், லீவு கிடைக்கவில்லை. முத்துச்செல்விக்கு விடிந்ததிலிருந்து வயிற்றுவலி. ரோலை என் மேசையில் வைத்தாள். கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். இருபது நிமிடம் வரவில்லை. அந்த இருபது நிமிடத்தில் நான் நாற்பது ஓடு பார்க்க வேண்டும். ஒன்றுக்கு அரை நிமிடம்.

அந்த ஓடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நானூறு ஓடு பார்க்கிறவளுக்கு ஒன்று மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும் என்று கேட்கலாம். கண் தவறி விட்டது ஞாபகம் இருக்காது. இது கண் தவறியது இல்லை. பக்க விளக்கின் வெளிச்சத்தில் கீழ் மூலைக்கு ஒரு விரல் தள்ளி வெள்ளையாக நின்றது. குமிழி என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள ஒரு நொடி எடுத்தது. குமிழியாக இருந்தால் அந்த ஒரு நொடி தேவைப்பட்டிருக்காது. கழித்தால் சிவப்புத் தட்டில் வைத்து, சீட்டு எழுதி, ஹேமந்தைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு நிமிடம் போகும், எட்டு ஓடு குறையும். ஸ்டிக்கரை மூலையில் ஒட்டுவதுதான் முறை. நான் ஒரு விரல் தள்ளி ஒட்டினேன். ஏன் தள்ளி ஒட்டினேன் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு மாதமாக அதை நான் நினைக்கவே இல்லை. மறந்ததால் இல்லை.

கல் கிடைத்த அன்று ஹேமந்த் முத்துச்செல்வியை ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். நான் என் மேசைக்குத் திரும்பி ஓடு பார்த்தேன். மதியம்வரை எதையும் விடவில்லை, குமிழிகளைக்கூடக் கழித்தேன். ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தொன்றுதான் வந்தது. பதினான்கு சிவப்பில் ஏறியது. அதை ஒரு தண்டனை போல ஏற்றுக்கொண்டேன். அவ்வளவு சிறிய தண்டனையை நானே எனக்குத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் மட்டும் சொன்னேன். இளம்பரிதி வேறொரு கம்பெனியின் பஸ் ஓட்டுகிறார். வாயைத் திறக்காதே என்றார். நீ சொன்னால் ரோலைக் கொடுத்ததற்காக அவள் வேலையும் போகும், ஒட்டியதற்காக உன் வேலையும் போகும், போனவர் எழுந்து வரப்போவதில்லை என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நான் அவரிடம் சொன்னதே இப்படி ஒரு பதிலை வேறொருவர் வாயால் கேட்பதற்காகத்தான்.

முத்துச்செல்விக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கம் ஏதோ கிராமம், ஒரகடத்தில் ஹாஸ்டல், ஒரு அறையில் எட்டுப் பேர். டிரெய்னியாக வந்து இரண்டு வருஷமாகியும் டிரெய்னியாகவே இருந்தாள். வெள்ளிக்கிழமை கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"யக்கா, எம்புட்டு யோசிச்சாலும் அந்த ஓடு ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு."

வராது என்றேன். ஆயிரம் ஓடு பார்க்கிறோம், எப்படி வரும் என்றேன். என் குரல் ஆறுதல் சொல்கிற குரலாக இருந்தது. அதைக் கேட்டு எனக்கே நம்பிக்கை வந்தது. அவளும் கொஞ்சம் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை அவளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். முந்தின நாளைவிட அமைதியாக இருந்தாள்.

"ஞாபகம் வந்துட்டுக்கா. மூலைக்குக் கிட்ட வெள்ளையா இருந்துச்சி. குமிழின்னு நெனச்சேன். இல்ல, கல்லுன்னு தெரிஞ்சுருக்கும். தெரிஞ்சுதான் மேல ஒட்டிருப்பேன் போல."

அப்படி எல்லாம் இருக்காது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். இரவு முழுக்க யோசித்ததாகவும் ஒவ்வொன்றாகத் தெளிந்துவந்ததாகவும் சொன்னாள். விளக்கு எந்தப் பக்கம் எரிந்தது, கையுறையில் எந்த விரல் கிழிந்திருந்தது என்றெல்லாம் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லும்போது அந்தப் 'போல' இல்லை. தெரிந்துதான் ஒட்டினேன் என்றாள்.

ஹேமந்த் அவளிடம் சொன்னதையும் அவள் பயத்தையும் சேர்த்து அவளாகவே அதைக் கட்டியிருந்தாள். ஆனால் கட்டி முடித்தபோது அது என் ஞாபகமாக இருந்தது. குமிழி என்று சொல்லிக்கொண்ட அந்த ஒரு நொடிகூட அதில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் நான் வைத்திருந்ததை, ஒன்றும் செய்யாதவள் எடுத்துத் தன்னுடையதாகப் போட்டுக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்குப் பொருந்தவும் செய்தது.

தானாக ஒப்புக்கொண்டால் கம்பெனி அவளைப் பார்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் போலீஸ் கேட்கும் என்று ஹேமந்த் சொல்லியிருந்தாராம். திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை செக்‌ஷன் பெண்கள் சேர்ந்து ஜீவானந்தம் வீட்டுக்குப் போனோம். யாரும் கூப்பிடாமலே முத்துச்செல்வியும் வந்தாள். பிள்ளைப்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் வீடு. வாசலில் ஷாமியானா இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அவர் மனைவி அன்னக்கிளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் எழுந்துகொள்ளப் போனாள், நாங்கள் உட்காரச் சொன்னோம். அழுது முடித்த முகம். எங்களில் ஒவ்வொருவரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"கண்ணாடியில கல்லு இருந்துச்சின்னாங்க" என்றாள். "கண்ணாடியில எப்டி கல்லு வரும்?"

நான் ஷாமியானாக் கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற முத்துச்செல்வி என்னைத் தாண்டி முன்னால் போனாள்.

"உருகாத மணலுக்கா அது. நான்தான் பாத்து விட்டேன்."

அன்னக்கிளி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அது அத்துடன் முடிந்துவிடும்.

"கண்ணுக்குத் தெரியுமா அது?"

"தெரியும்க்கா."

"எம்மாம் பெருசு கீது?"

முத்துச்செல்வி சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினாள். அன்னக்கிளி அந்த நகத்தைப் பார்த்தாள். பிறகு ஷாமியானாவுக்கு வெளியே தெருவைப் பார்த்தாள்.

"போம்மா. இங்க நிக்காத. அவுரு தம்பி வர்ற நேரம்."

எல்லோரும் கிளம்பினோம். மற்றவர்கள் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து முன்னால் போனார்கள். ரோட்டோரம் நானும் முத்துச்செல்வியும் நின்றோம். கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்று போனபோதும் தூசியும் சத்தமும் அடங்கும்வரை பேச முடியாது. மூன்று லாரி போகவிட்டேன். நாலாவதும் தூரத்தில் வருவது தெரிந்தது. அதற்கும் காத்திருந்தால் பிறகு எதற்குமே காத்திருக்கலாம் என்று தோன்றியது.

"செல்வி, அது நீ இல்ல. நான்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு நாளில் முதல் சிரிப்பு.

"எனக்காவ ஒண்ணும் சொல்லாண்டாம்க்கா. ஒங்களுக்கு ஒரு பிள்ள படிக்கி."

என் மகள் சத்யப்பிரியாவைச் சொன்னாள். அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை. இனி ஆயுசு முழுக்க அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அவள் கண்ணில் நான் நல்லவளாகவும் ஆகியிருந்தேன். பழி ஏற்க முன்வந்த அக்கா. அது இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பு நாக்கில் பட்டபோது என்னைப் பற்றி எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

"விசாகத்துக்கு மறுநாளு. உனக்கு வயித்துவலி. ரோல என்னாண்ட குடுத்துட்டுப் போன. திரும்பி வர்ச்சே என் பையில இருந்து மாத்திரை எடுத்துக் குடுத்தேன்."

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் வேறெங்கோ போனது. நாலாவது லாரி வந்து போனது. புடவைத் தலைப்பால் நான் மூக்கை மூடிக்கொண்டேன். அவள் மூடிக்கொள்ளவில்லை.

"வந்து பாத்தப்ப அந்த மணிக்கு என் கணக்கு அம்பத்தெட்டுல நின்னுச்சி" என்றாள் மெதுவாக. "ரெண்டுதான் பாக்கி, அதக்கூட நானே செய்யணுமான்னு கேட்டிய."

"ஆமா."

"கல்லுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"ஒங்க ரோலா இருந்தா ஒட்டிருப்பியளாக்கா?"

தூக்கம் இல்லை, அரை நிமிடம்தான் இருந்தது, ஐந்து பேர் லீவு, நான்கு நிமிடத்துக்கு எட்டு ஓடு என்று எல்லாம் என் வாயில் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே உண்மை. நான்கு நாளாக அவற்றைத்தான் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். இவள் கேட்டதை மட்டும் நான் என்னிடம் கேட்டிருக்கவில்லை. இவள் நம்பரைக் காப்பாற்றுவதற்காக வேகமாகப் பார்த்தேன் என்பது சரி. இவள் நம்பர் என்பதால்தான் அதை விட முடிந்தது என்பதும் சரி. இரண்டும் ஒரே கையால் செய்தது.

"ஒட்டியிருக்க மாட்டேன்" என்றேன்.

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, காலியாக இருந்த இடத்தில் தன் பையை வைத்தாள். நீங்கள் அடுத்ததில் வாருங்கள் என்று டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு முன்னாலேயே ஹேமந்தின் அறைக்குப் போனேன். முத்துச்செல்விக்கான கடிதத்தை டைப் செய்து மேசையில் வைத்திருந்தார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. மார்ச்சுவரியில் ஜீவானந்தத்தின் உடலை வாங்கியவர் அவர்தான். அதற்குப் பிறகு சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், கண் இரப்பைகள் வீங்கியிருந்தன.

ரோல் கைமாறுவது தனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா, கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன் அவ்வளவுதான் என்றார். இதை அப்படியே எழுதினால் ஏன் கைமாற்றினீர்கள் என்று கேட்பார்கள், அறுபது என்ற கணக்கு வெளியே வரும், பாத்ரூமுக்கு நேரம் விடாதது வரும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதக்கூட வுடுங்க. நீங்க அவ நம்பர ஒட்டுனீங்கன்னா எல்லாரும் எல்லார் நம்பரையும் ஒட்டியிருக்காங்க. அப்ப நாம போட்ட எந்தக் கூரையிலயும் எந்த நம்பரும் நம்பர் இல்ல. எத்தன கூர போட்டிருக்கோம், தெரியுமா? ஸ்கூலு கூட கீது அதுல."

அதை நான் யோசித்திருக்கவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனை ரோலை எடுத்து ஒட்டியிருப்பேன். விட்டது இந்த ஒரு கல்தானா என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மற்ற பெண்களுக்கு எத்தனை ஞாபகம் இருக்கிறதோ.

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். முத்துச்செல்விக்குத் தெரியாமல் அவள் ரோலை எடுத்து ஒட்டிவிட்டேன் என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் அவள் மேல் ஒரு தப்பும் வராது, வேலையும் போகாது என்றார்.

வலை, பெல்ட் என்று கேட்டேன். நீங்கள் அங்கே இல்லையே, அதை நீங்கள் எப்படி எழுத முடியும் என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அந்த அறையில் அவர் சொன்ன எல்லாமே சரியாக இருந்தன.

எழுதினேன். எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லத்தான் வந்தேன், ஆனால் உண்மையை எழுதினால் அவள் போவாள், பொய்யை எழுதினால் அவள் இருப்பாள். அவளுக்கு நான் பட்ட கடனுக்கு ஒரு பொய் பெரிதாகத் தெரியவில்லை. காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று போடச் சொன்னார். நான் அதைப் போடவில்லை. கல் என்று தெரிந்தது, என் நம்பர் இல்லை என்பதால் விட்டேன் என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, இது உங்களை உள்ளே தள்ளும், அடித்துவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். அவர் பிறகு போனை எடுத்து, சாட்சிக் கையெழுத்துக்கு முத்துச்செல்வியை வரச்சொன்னார்.

அவள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேசையோரம் நின்று, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். கடைசி வரிவரை படித்துவிட்டு மறுபடி மேலே போனாள். 'அவளுக்குத் தெரியாமல்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது இல்ல சார். ரோல நான்தான் குடுத்தேன்."

ஹேமந்த் அவளுக்குப் புரியவைக்கப் பார்த்தார். இப்படி இருந்தால்தான் உனக்கு நல்லது என்றார். அக்கா உனக்காகத்தான் எழுதியிருக்கிறார் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் விரலை எடுக்கவில்லை.

"போன வாரம் இல்லாத ஒண்ண ஞாபகம் இருக்குன்னு சொன்னேன் சார். அது பொய்யின்னு எனக்கே தெரியாது. இது எனக்குத் தெரியும்."

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை அவளே கேட்டு வாங்கினாள். 'அவளுக்குத் தெரியாமல்' என்பதை அடித்துவிட்டு, அதன் மேல் சின்ன எழுத்தில் 'நான் கொடுத்தேன்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். செய்ய வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

பத்து மணிக்கு எச்.ஆரில் எங்கள் இருவரின் ஐடி கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். லாக்கரைக் காலி செய்ய செக்யூரிட்டி கூட வந்தார். அவளிடம் ஒரு பவுடர் டப்பாவும் ஒரு துண்டும் இருந்தன. லைனில் யாரும் தலை நிமிரவில்லை.

கேட்டுக்கு வெளியே வெயில் சுட்டது. ஹாஸ்டலில் தங்கவிட மாட்டார்கள், கம்பெனி எடுத்துக் கொடுத்த அறை அது. ஊருக்கு என்னவென்று சொல்லிப் போவாள் என்று கேட்க நினைத்தேன். என் வீட்டில் வந்து இரு என்று சொல்லவும் நினைத்தேன். இரண்டையும் சொல்லவில்லை. இரண்டுமே என் மனசுக்காகச் சொல்வதாக இருந்திருக்கும்.

அவள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள்.

"ஸ்டேஷன்ல கூப்ட்டா ரெண்டு பேரும் ஒண்ணாப் போவணும். அங்கன வந்து மாத்திச் சொல்லிராதிய."

சரி என்று தலையாட்டினேன். அவள் ஒரகடம் பக்கம் போனாள், நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். அவள் சொன்னதில் அக்கா என்ற சொல் இல்லை என்பதை வெகுதூரம் வந்த பிறகுதான் கவனித்தேன்.